இயற்கை மருத்துவர் தம் குடும்பத்துக்குப் பங்குள்ள மையத்துக்கே நோயாளியை அனுப்புவது முறையா?

கேள்வி கேட்டவர்: பாதிரிநிழல், கடலூர்

வணக்கம். என் தாயாருக்கு வயது 64. சர்க்கரை நோய்க்குப் பல ஆண்டுகளாக மாத்திரை உட்கொள்கிறார். முழங்கால் வலியும் உண்டு. கடந்த ஆண்டிலிருந்து கடலூரில் உள்ள ஓர் இயற்கை மருத்துவரிடம் சிகிச்சை பெற்று வருகிறார். அந்த மருத்துவர் பி.என்.ஒய்.எஸ். என்னும் ஐந்தரை ஆண்டுப் படிப்பை முறையாக முடித்த பெண்மணி, போலி அல்லர். அவர் சொன்ன உணவு மாற்றத்தாலும், மண் பட்டி, இடுப்புக் குளியல், காலை யோகப் பயிற்சி ஆகியவற்றாலும் அம்மாவின் எடை குறைந்திருக்கிறது. மாடிப்படி ஏறும்போது முன்போல் முனகுவதில்லை. ஆகவே இயற்கை மருத்துவம் மெய்யா பொய்யா என்ற வழக்கை இந்த இழையில் யாரும் தொடங்க வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். என் கவலை பணம் போகும் வழியைப் பற்றியது.

இரத்தப் பரிசோதனை வேண்டுமென்றால், குறிப்பிட்ட ஓர் ஆய்வகத்தின் பெயர் அச்சிட்ட தாளில்தான் அவர் எழுதித் தருகிறார். வேறிடத்து அறிக்கையைக் கொண்டுபோனால் நம்பகமில்லை என்று கூறி மறுபடி எடுக்கச் சொல்கிறார். சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1சி பரிசோதனையை மாதந்தோறும் எடுக்கிறோம். சத்து மாவு, மூலிகைப் பொடி, கால்சியம் என்று அவர் எழுதுகிற டப்பாக்கள் அவருடைய வரவேற்பறை அலமாரியைத் தவிர வேறெங்கும் கிடைப்பதில்லை. இவற்றையெல்லாம் பெரிதாக எண்ணாமல் கடந்துவிட்டோம்.

இப்போது, புதுச்சேரி எல்லைக்குள் இருக்கும் ஒரு மையத்தில் அம்மா பத்து நாள் தங்கி, உண்ணாநோன்பும் சாறு உணவுமாகச் சிகிச்சை பெற வேண்டும் என்கிறார். இந்தப் பகுதியில் அதைவிட நல்ல இடம் கிடையாது என்றும் உறுதியாகச் சொன்னார். முன்பணத்தைக் கூகுள் பே வழியாக அனுப்பியபோது திரையில் வந்த பெயர் மருத்துவருடைய கணவரின் பெயர். பிறகு விசாரித்ததில் அவர் அந்த மையத்தில் பங்குதாரர் என்று தெரிந்தது. மருத்துவர் இதை எங்களிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

நோயாளியை அனுப்புவதற்குக் கமிஷன் வாங்கக் கூடாது என்று அலோபதி மருத்துவர்களுக்கு விதி இருப்பதாகப் படித்திருக்கிறேன். அந்த விதி இயற்கை மருத்துவரைக் கட்டுப்படுத்துமா? குடும்பத்தார் நடத்தும் மையத்துக்கு அனுப்புவதும் கமிஷன் வாங்குவதும் ஒன்றுதானா? அம்மாவுக்கு அவர் மீது மிகுந்த மதிப்பு. அந்த மதிப்பைக் குலைக்காமல் இதை எப்படிக் கேட்பது? அனுபவமுள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.


சிவப்புமூடி, புதுச்சேரி

ஐயா, நான் ஆய்வகத் தொழிலில் இருந்து விலகியவன். ஆகையால் இரத்தப் பரிசோதனையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஆய்வக ரசீதில் பரிந்துரைத்த மருத்துவர் பெயருக்கென்று ஒரு கட்டம் இருக்கும். அது வெறும் மரியாதைக்காக இருப்பதன்று. பல இடங்களில் ஒவ்வொரு மருத்துவருக்கும் கணினியில் ஒரு குறியீடு உண்டு. மாத முடிவில் அந்தக் குறியீட்டின் கீழ் எத்தனை ரசீது விழுந்திருக்கிறது என்று பட்டியல் எடுத்து அதற்குரிய தொகையை அனுப்பிவிடுவார்கள். தொழிலுக்குள் இதைக் 'கட்' என்பார்கள். கணக்குப் புத்தகத்தில் ஆலோசனைக் கட்டணம் என்றோ விளம்பரச் செலவு என்றோ அது வேறு பெயரில் உட்கார்ந்திருக்கும். இந்தப் பழக்கம் இயற்கை மருத்துவர்களுக்கு மட்டும் உரியதன்று. அவர்கள் இதில் பின்னால் வந்து சேர்ந்தவர்கள்.

ஆனால் ஆய்வகத்தின் பெயர் அச்சிட்ட தாளில் எழுதித் தருகிறார் என்பதை மட்டும் வைத்துக் கமிஷன் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்தத் தாள்கட்டை ஆய்வகங்கள் கேட்காமலேயே எல்லாருக்கும் கொண்டுவந்து கொடுக்கும். காகிதம் இலவசமாகக் கிடைக்கிறதே என்பதற்காகப் பயன்படுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் வேறொன்று செய்யலாம். அதே ஆய்வகத்தைத் தொலைபேசியில் அழைத்து, மருத்துவர் பெயர் எதையும் சொல்லாமல், 'செல்ஃப்' என்று பதிவு செய்தால் இதே பரிசோதனைகளுக்கு எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். சில இடங்களில் தொகை கணிசமாகக் குறையும். அந்த வித்தியாசம் இத்தனை நாள் எங்கே போனது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஹெச்.பி.ஏ.1சி விஷயத்தில் எனக்கும் ஐயம் எழுகிறது. சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். அந்தப் பரிசோதனை காட்டுவது சுமார் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியை. சிகிச்சை மாறியிருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், நிலை சீராக இருந்தால் ஆண்டுக்கு இருமுறையும் எடுப்பது வழக்கம். மாதந்தோறும் எடுப்பதால் மருத்துவருக்குப் புதிதாக ஒன்றும் தெரியப் போவதில்லை. அதே சமயம், உங்கள் தாயார் மெட்ஃபார்மின் உட்கொள்பவராக இருந்து, பி12 அளவைப் பார்க்கச் சொல்லியிருந்தால், அதைச் சந்தேகிக்காதீர்கள். அந்த மாத்திரையை நெடுங்காலம் எடுப்பவர்களுக்கு பி12 குறைவது உண்டு. வைட்டமின் டி, தைராய்டு போன்றவற்றில் ஆய்வகத்துக்கு ஆய்வகம் முறை வேறுபடுவதால், தொடர்ந்து ஒரே இடத்தில் எடுக்கச் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த ஒரே இடம் எது என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர் நீங்கள். பரிசோதனையின் பெயரை வெறுந்தாளில் எழுதித் தரும்படி கேளுங்கள். என்.ஏ.பி.எல். என்னும் தேசிய ஆய்வகத் தர வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற ஓர் ஆய்வகத்தின் அறிக்கையையும் அவர் மறுத்தால், காரணத்தை அவரே சொல்லட்டும்.


மண்பட்டி, புதுச்சேரி

நானும் அதே பட்டம் பெற்று, புதுச்சேரிப் பகுதியில் இயற்கை மருத்துவம் பார்ப்பவன். சக மருத்துவரைப் பற்றி ஒரு பக்கத்துச் செய்தியை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல விருப்பமில்லை. எனினும் இந்த நிலைமை எப்படி உருவாகிறது என்பதை உள்ளிருந்து சொல்ல முடியும்.

எங்களிடம் வருகிற ஒருவருடைய உணவு, உறக்கம், மலச்சிக்கல், வேலை நேரம் எல்லாவற்றையும் கேட்டு முடிக்கவே முக்கால் மணி நேரம் ஆகிவிடும். கேட்டுவிட்டு, காலையில் வெள்ளைப்பூசணிச் சாறு குடியுங்கள், இரவு உணவை ஏழு மணிக்குள் முடியுங்கள், வயிற்றில் மண் பட்டி போடுங்கள் என்று சொன்னால், 'மருந்தே தரவில்லையே, ஃபீஸ் எதற்கு?' என்ற கேள்வி பலர் முகத்தில் தெரியும். நீராவிப் பெட்டி, குளியல் தொட்டி, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாகச் சிகிச்சை உதவியாளர், வாடகை என்று செலவு மட்டும் நிற்பதில்லை. காப்பீடும் பெரும்பாலும் கைகொடுக்காது. மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகளில் வழக்கமாகச் சேர்க்கப்படும் விலக்குகளில் ஒன்று, நேச்சர் க்யூர் கிளினிக், ஸ்பா போன்ற இடங்களில் பெறும் சிகிச்சையை வெளிப்படையாகவே ஒதுக்கி வைக்கிறது. ஆகவே மொத்தப் பணமும் நோயாளியின் கையிலிருந்து வருகிறது. அந்தப் பில்லை மூன்றாவது ஆள் யாரும் சரிபார்ப்பதில்லை. ஆலோசனைக்குக் கேட்கத் தயங்கும் பணத்தை டப்பாவிலும் பரிசோதனையிலும் தங்கும் சிகிச்சையிலும் ஈட்டிக்கொள்ளும் பழக்கம் இப்படித்தான் வருகிறது. இது விளக்கமே தவிர நியாயம் அன்று. பெயர்ப் பலகையில் 'மருந்தில்லா மருத்துவம்' என்று எழுதிவிட்டு, உள்ளே அலமாரி நிறைய டப்பா அடுக்கி வைத்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது.

எல்லாவற்றையும் ஒரே தராசில் வைக்கவும் முடியாது. தம் மருத்துவமனையிலேயே நீராவிக் குளியல் கொடுத்துக் கட்டணம் வாங்குவதில் ஒளிவுமறைவு இல்லை. யாருக்குப் பணம் போகிறது என்பது நோயாளிக்குத் தெரியும். தமக்கோ தம் குடும்பத்துக்கோ பங்குள்ள மையத்துக்கு அனுப்புவது, அனுப்பும்போதே சொல்லிவிட்டால் பொறுத்துக்கொள்ளக் கூடியது. சொல்லாமல் விட்டால் பொறுக்கக் கூடாதது. வெளியிடத்தில் ஆளுக்கு இவ்வளவு என்று வாங்குவதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

ஆனால் ஐயா, நீங்கள் கேட்காத ஒன்றைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். பணம் கிடைப்பதால் செய்யப்படும் பரிந்துரையைவிட, பணம் கிடைக்காததால் செய்யப்படாத பரிந்துரை ஆபத்தானது. நோயாளியைப் புதுச்சேரியில் உள்ள மத்திய அரசின் ஜிப்மர் மருத்துவமனைக்கு அனுப்பினால் எந்த மருத்துவருக்கும் ஒரு காசு வராது. கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பினாலும் அப்படியே. பத்து நாள் சிகிச்சைக்கு முழுப் பணம் கட்டித் தங்கியிருக்கும் ஒருவருக்கு நான்காம் நாள் மயக்கம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை உடல் கழிவை வெளியேற்றும் அறிகுறி என்று சொல்லி அறையிலேயே படுக்க வைப்பதா, உடனே வண்டியில் ஏற்றி அனுப்புவதா? அனுப்பினால் மீதி நாளுக்குரிய பணத்தைத் திருப்ப வேண்டும். மையத்தின் பெயர் கெடுமோ என்ற அச்சமும் வரும். அந்த முடிவை எடுப்பவரே மையத்தின் பங்குதாரராகவோ பங்குதாரரின் மனைவியாகவோ இருந்தால், அவர் எவ்வளவு நல்லவராயினும் கை ஒரு கணம் தயங்கும். அந்தத் தயக்கம் வெளியார் கண்ணில் படாது, எந்த ரசீதிலும் பதிவாகாது.

உங்கள் தாயாருக்கு இது கற்பனையான ஆபத்து அன்று. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டே உண்ணாநோன்பு இருந்தால் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடும். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் நோன்பிருந்தால், குளுக்கோமீட்டரில் சர்க்கரை அதிகமாகத் தெரியாமலே இரத்தத்தில் கீட்டோ அமிலம் கூடி உயிருக்கே கேடாகலாம். எனவே கணவர் பெயரைப் பற்றிக் கேட்பதற்கு முன் வேறு சிலவற்றைக் கேளுங்கள். அம்மாவின் மாத்திரைகளை நோன்பு நாட்களில் குறைப்பதும் நிறுத்துவதும் யார் பொறுப்பு? அவற்றை எழுதிக்கொடுத்த சர்க்கரை நோய் மருத்துவரின் எழுத்துபூர்வமான ஒப்புதல் பெறப்பட்டதா? இரவில் மையத்தில் தகுதியுள்ளவர் யார் இருப்பார்? சர்க்கரை எந்த அளவுக்குக் கீழே போனால் சிகிச்சையை நிறுத்துவீர்கள், எந்த மருத்துவமனைக்குக் கொண்டு செல்வீர்கள், அப்படி நடுவில் நின்றால் மீதிப் பணம் திரும்ப வருமா? கடைசிக் கேள்விக்கு 'வரும்' என்று எழுதிக் கொடுக்கிற மையத்தில், தயங்குவதற்கான காரணம் பாதி நீங்கிவிடும். நான் அறிந்தவரை நேர்மையான மையங்கள் இந்தக் கேள்விகளுக்கு எரிச்சல் கொள்வதில்லை. சேர்க்கைப் படிவத்திலேயே பாதிப் பதில் இருக்கும்.


கெடிலம், கடலூர்

நுகர்வோர் வழக்குகளில் தன்னார்வலராக உதவுபவன் என்ற முறையில் சட்டப் பக்கத்தை எழுதுகிறேன்.

நீங்கள் படித்த விதி, இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-இல் வெளியிட்ட தொழில் ஒழுக்க விதிமுறைகளில் 6.4 ஆவது பிரிவு. நோயாளியை அனுப்புவதற்கோ பரிந்துரைப்பதற்கோ பிடித்துத் தருவதற்கோ பரிசு, கமிஷன், போனஸ் எதையும் கொடுக்கவும் கேட்கவும் வாங்கவும் கூடாது என்கிறது. பரிசோதனைக்கு மாதிரி அனுப்புவதற்கும் அதே தடை உண்டு. தேசிய மருத்துவ ஆணையம் ஆகஸ்ட் 2023-இல் புதிய விதிகளை வெளியிட்டு, அதே மாதத்தில் நிறுத்தி வைத்ததால் 2002 விதிகளே நடப்பில் தொடர்ந்தன. ஆனால் இவை எம்.பி.பி.எஸ். முதலிய நவீன மருத்துவப் பதிவு பெற்றவர்களுக்கு உரியவை. சித்த, ஆயுர்வேத, யுனானி மருத்துவர்களுக்கு 1982 முதலே தனி ஒழுக்க விதிகள் இருந்தன. இப்போது அவர்கள் 2020 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த இந்திய மருத்துவ முறைகளுக்கான தேசிய ஆணையத்தின் கீழ் வருகிறார்கள். யோகாவும் இயற்கை மருத்துவமும் அந்தச் சட்டத்தின் வரையறைக்குள் சேர்க்கப்படவில்லை. இந்தப் பட்டதாரிகளை மாநில அளவில் பதிவு செய்கிறார்கள் என்றாலும், நாடு முழுவதற்குமான ஒழுக்க விதியும் அதை மீறினால் விசாரிக்கும் தேசிய ஆணையமும் அவர்களுக்கு இல்லை. எனவே உங்கள் முதல் கேள்விக்கு விடை: அந்த விதி இவரை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. இரண்டாவது கேள்வியைப் பொறுத்தவரை, 6.4 ஆவது பிரிவுகூடக் கமிஷனைப் பற்றித்தான் பேசுகிறது. குடும்பத்துக்குப் பங்குள்ள நிறுவனத்துக்கு அனுப்புவதை அது நேரடியாகத் தொடவில்லை.

அதற்காகக் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. கட்டணம் பெற்று அளிக்கும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் வி.பி. சாந்தா வழக்கில் தீர்ப்பளித்தது. 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சேவைக் குறைபாடு என்பதற்கான வரையறையிலேயே, நுகர்வோருக்குத் தெரிய வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் சேர்த்திருக்கிறது. 'இந்தப் பகுதியில் இதைவிட நல்ல இடம் கிடையாது' என்று சொல்லிவிட்டு, அந்த இடம் தம் வீட்டாருடையது என்பதைச் சொல்லாமல் விட்டது இதற்குள் வருமா என்று வாதிட இடமிருக்கிறது. வெற்றி உறுதி என்று சொல்ல மாட்டேன். மறைத்தது வேண்டுமென்றேதான் என்பதையும் நீங்கள் காட்ட வேண்டும். பில் தர மறுப்பது அதே சட்டத்தின்படி முறையற்ற வணிக நடவடிக்கை. அதை நிறுவுவது எளிது.

எல்லை தாண்டியிருப்பது உங்களுக்குத் தடையாகாது. பழைய சட்டத்தைப் போலன்றி, புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். மையம் புதுச்சேரியில் இருந்தாலும் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது. காலவரம்பு இரண்டு ஆண்டு.

மையத்தின் பதிவைப் பொறுத்தவரைதான் எல்லை முக்கியமாகிறது. தமிழ்நாடு தனக்கென 1997-இல் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றி, 2018-இல் விதிகள் வகுத்தது. புதுச்சேரியில் நடப்பதோ மத்திய அரசின் 2010 ஆம் ஆண்டுச் சட்டம். அந்த மத்தியச் சட்டம் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ முறைகளின் பட்டியலில் யோகாவையும் இயற்கை மருத்துவத்தையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. அதன் விதிகளின்படி ஒவ்வொரு சேவைக்கும் என்ன கட்டணம் என்பதை எல்லாரும் காணும் இடத்தில் உள்ளூர் மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைக்க வேண்டும். பதிவு எண் என்ன, கட்டணப் பலகை எங்கே என்று கேளுங்கள். விடுதி உரிமத்தை வைத்துக்கொண்டு 'ஆரோக்கிய முகாம்' நடத்துகிறவர்களும் உண்டு. அவர்களிடம் இந்த இரண்டும் இருக்காது.

டப்பாக்களைப் பற்றி ஒரு வரி. உணவுத் துணைப்பொருளாக விற்கப்படுபவற்றில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதினான்கு இலக்க உரிம எண்ணும், மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல என்ற எச்சரிக்கையும் இருக்க வேண்டும். அப்படி எச்சரிக்கை அச்சிட்ட பொருளைச் சர்க்கரைக்கு மருந்து என்று மருத்துவச் சீட்டில் எழுதினால், அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.


வெள்ளிக்கடற்கரை, கடலூர்

எல்லாம் சரி. ஆனால் பெரிய தனியார் மருத்துவமனைகள் கிராமம் கிராமமாக ஆள் வைத்து நோயாளியைப் பிடிக்கின்றன. ஆம்புலன்ஸ் ஓட்டுநர் வரை பணம் போகிறது. அவற்றையெல்லாம் விட்டுவிட்டு, மண்ணும் தண்ணீருமாக மருத்துவம் பார்க்கும் ஒருவரைக் கூண்டில் ஏற்றுவது நியாயமா? கணவர் நடத்தும் மையம் என்றால் மனைவிக்கு அதன் தரம் நன்றாகத் தெரிந்திருக்கும் அல்லவா?


மண்பட்டி, புதுச்சேரி

தெரிந்திருக்கலாம், ஐயா. அப்படியானால் 'என் கணவர் நடத்துகிறார், தரத்துக்கு நான் பொறுப்பு' என்று சொல்லியே அனுப்பியிருக்கலாமே. அது நல்ல விளம்பரமாகவும் இருந்திருக்கும். பெரிய மருத்துவமனை செய்வதைக் காட்டி எங்கள் துறை தப்பித்துக்கொள்வதை நான் ஏற்கவில்லை. அவர்களுடைய பழக்கத்தைக் கண்டு வெறுத்துத்தானே பலர் எங்களிடம் வருகிறார்கள்?


பலாக்கொட்டை, சியாட்டில்

பண்ருட்டியில் பிறந்து, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மருத்துவக் கட்டணப் பிரிவில் பணிபுரிகிறேன். இங்கே இயற்கை மருத்துவர்கள் உரிமம் பெற்ற தனிப் பிரிவினர்; இதே சிக்கல் இங்கும் இருப்பதால் எழுதத் தோன்றியது.

மருத்துவர் தமக்குப் பங்குள்ள ஆய்வகத்துக்கு நோயாளியை அனுப்புவதைக் கட்டுப்படுத்த இந்நாட்டில் 1989-இல் ஸ்டார்க் சட்டம் என்று ஒன்று வந்தது. ஆனால் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் யாரை மருத்துவர் என்று வரையறுக்கிறதோ அவரையே அச்சட்டம் பிடிக்கும். அந்த வரையறையில் இயற்கை மருத்துவர் இல்லை. அவருடைய சேவைக்கு மெடிகேர் பணம் கொடுப்பதும் இல்லை. அரசின் பணம் போகாத இடத்தில் அரசின் கண்ணும் போகவில்லை. காப்பீடு இல்லாததால் பில்லைச் சரிபார்க்க ஆளில்லை என்று மண்பட்டி அவர்கள் எழுதியதன் இன்னொரு வடிவம் இது. சொந்தப் பங்கு இருந்தால் பரிந்துரை பெருகும் என்பது வெறும் சந்தேகமும் அன்று. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2012-இல் வெளியிட்ட அறிக்கை, எம்.ஆர்.ஐ., சி.டி. போன்ற படப்பிடிப்புகளுக்குத் தம்மிடமே அனுப்பிக்கொண்ட மருத்துவர்கள், அப்படிச் செய்யாதிருந்தால் எழுதியிருக்கக் கூடியதைவிட 2010 ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 4 லட்சம் பரிந்துரைகள் கூடுதலாகச் செய்ததாகவும், அதனால் மெடிகேருக்கு ஏறத்தாழ 10 கோடியே 90 லட்சம் டாலர் கூடுதல் செலவு என்றும் மதிப்பிட்டது. அவர்கள் இயற்கை மருத்துவர்கள் அல்லர், நவீன மருத்துவர்கள். மனித இயல்பு பட்டத்துக்குப் பட்டம் மாறுவதில்லை.

உங்களுக்குப் பயன்படக் கூடியது வாஷிங்டன் மாநிலத்தின் சொந்தச் சட்டம். 1949 முதல் நடப்பில் உள்ள அந்தச் சட்டம், மருத்துவம், பல் மருத்துவம் ஆகியவற்றோடு எவ்வகையான மருந்தில்லாச் சிகிச்சையையும் பெயர் சொல்லிச் சேர்த்து, நோயாளியை அனுப்புவதற்குக் கமிஷன் வாங்குவதைத் தடை செய்கிறது. தமக்குப் பங்குள்ள நிறுவனத்துக்கு அனுப்புவதை அடியோடு தடுக்காமல், அதற்குச் சில நிபந்தனைகளை வைக்கிறது. பங்கு இருப்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதே சேவை கிடைக்கும் வேறு இடங்களின் பட்டியலைக் கொடுத்து, அவற்றில் எதையும் தேர்ந்தெடுக்கலாம் என்று சொல்ல வேண்டும். வேறிடத்துக்குப் போனாலும் தாம் நடத்தும் விதத்தில் வேறுபாடு இருக்காது என்று உறுதி கூற வேண்டும். என் பார்வையில் கடைசி நிபந்தனைதான் உயிர்நாடி. பங்கு இருப்பதை ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் 'வேண்டாம்' என்று சொன்னால் மருத்துவரின் முகம் மாறிவிடுமோ என்று நோயாளி அஞ்சுகிற வரையில் அந்த ஒரு வரியால் பயனில்லை. கடலூரில் அந்தச் சட்டம் செல்லாது என்பது வெளிப்படை. ஆனால் இம்மூன்றையும் நீங்களாகவே கேட்பதை யாரும் தடுக்கவும் முடியாது.


பாதிரிநிழல், கடலூர்

அனைவருக்கும் நன்றி. அம்மாவின் மருந்துச் சீட்டைப் பார்த்தேன். மெட்ஃபார்மினுடன் கிளிமிபிரைடும் இருக்கிறது. மாத்திரை எழுதிக்கொடுத்த மருத்துவரைக் கேட்காமல் எங்கும் தங்கப் போவதில்லை என்று அம்மாவே ஒப்புக்கொண்டார். இயற்கை மருத்துவரிடம் கேட்க வேண்டியதை நேரில் பேசுவதா, எழுதிக் கொடுப்பதா? கட்டிய முன்பணத்துக்கு இதுவரை ரசீதும் வரவில்லை.


கெடிலம், கடலூர்

முதலில் நேரில் பேசுங்கள். அம்மாவும் உடன் இருக்கட்டும். குற்றம் சாட்டுவதுபோல் தொடங்க வேண்டாம். 'டாக்டர், பணம் அனுப்பும்போது சாரின் பெயர் வந்தது, மையம் உங்களுடையதுதானா? வீட்டில் கேட்கிறார்கள், வேறு ஓரிரண்டு இடங்களின் பெயரும் சொன்னால் ஒப்பிட்டுப் பார்ப்போம்' என்று கேட்டால் போதும். அதற்கு அவர் எப்படிப் பதில் சொல்கிறார் என்பதைப் பார்த்து, அடுத்து என்ன செய்வது என்று நீங்களே முடிவு செய்யலாம். அரசுத் தலைமை மருத்துவமனைகளில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவுகள் இருப்பதையும் மறக்க வேண்டாம். நோன்பு அம்மாவுக்குத் தேவைதானா என்று அங்கே இரண்டாம் கருத்துக் கேட்கலாம், அங்கே யாருக்கும் பங்கு கிடையாது.

பண விஷயத்தை மட்டும் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தனிநபர் கணக்குக்குப் போன முன்பணத்துக்கு, மையத்தின் பெயரும் முகவரியும் பதிவு எண்ணும் உள்ள ரசீதை வாட்ஸ்ஆப்பிலோ மின்னஞ்சலிலோ கேளுங்கள். சேரும் தேதிக்கு முன்பே விலகுவதாக இருந்தால், விலகுகிறோம் என்பதையும் தொகையைத் திருப்ப வேண்டும் என்பதையும் தேதியிட்டு எழுதுங்கள். பணம் அனுப்பியதைக் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை இணையுங்கள். முப்பது நாள் பார்த்துவிட்டு, பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். பெரும்பாலும் அந்தக் கட்டத்திலேயே பணம் வந்துவிடும். வராவிட்டால் மனு எழுத நான் உதவுகிறேன்.